பிள்ளைக்காகக் காத்திருப்போர் கேட்டவை: ஓமோனைக் குழப்பும் இரசாயனங்கள்

யாழ்ப்பாணத்தில் குடும்ப நல உத்தியோகத்தராக இருபத்தெட்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போனவள் நான். முதலில் சைக்கிளில், பிறகு ஸ்கூட்டரில். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலும் கோயில் வீதியிலும் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கும்போதும் யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துகிறார்கள். ஆளுக்கு ஆள் சந்தேகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

ஓமோனைக் குழப்பும் இரசாயனம் என்றால் என்ன, அக்கா?

சூலகத்தில் முட்டை முதிர்வது, மாதவிடாய் நாள் தவறாமல் வருவது, ஆணின் உடலில் விந்தணு உருவாவது எல்லாம் ஓமோன்கள், அதாவது சுரப்பிகள் இரத்தத்தில் விடும் தூதுப்பொருட்கள், சொன்னபடி நடக்கின்றன. இரத்தத்தில் அவை இருக்கும் அளவு மிகமிகச் சிறியது. அதனால்தான் வெளியிலிருந்து வரும் சிறிய அளவு இரசாயனமும் அவற்றின் வேலையில் குறுக்கிட முடிகிறது. சில இரசாயனங்கள் பெண் ஓமோனான ஈஸ்ட்ரஜன் போல நடித்து உடலை ஏமாற்றுகின்றன. சில, உண்மையான ஓமோன் போய்ச் சேரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. வேறு சில, ஓமோன் உருவாகும் அளவையே கூட்டிக் குறைக்கின்றன.

அடிக்கடி காதில் விழும் பெயர்கள் சில உண்டு. கடினமான பிளாஸ்டிக்கிலும் ரின்களின் உட்பூச்சிலும் இருக்கும் பிஸ்பீனோல் ஏ (சுருக்கமாக பிபிஏ), பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்கும் வாசனையை நிலைக்க வைப்பதற்கும் சேர்க்கும் தலேற்றுகள், கிறீம்கள் பழுதாகாமல் இருக்கப் போடும் பராபென்கள், பயிருக்கு அடிக்கும் சில கிருமிநாசினிகள், ஈயம், குப்பை எரியும்போது உண்டாகும் டயொக்சின்.

இது உண்மையா, அல்லது வெளிநாட்டில் கிளப்பிவிட்ட பயமா?

உண்மைதான். இரண்டு பழைய சம்பவங்களைச் சொல்கிறேன். 1940களிலிருந்து அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, டிஈஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரஜனைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971இல்தான் தெரிந்தது, அந்தத் தாய்மாரின் பெண்பிள்ளைகள் சிலருக்கு இளவயதிலேயே அபூர்வமான யோனிப் புற்றுநோய் வந்திருந்தது. அந்தப் பெண்பிள்ளைகளில் பலர் கருத்தரிப்பதிலும் சிரமப்பட்டார்கள். மருந்து விழுங்கியவள் தாய், அனுபவித்தவள் மகள்.

மற்றது ஆண்களின் கதை. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிற்சாலையில், தங்களில் பலருக்குப் பிள்ளை இல்லையே என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பரிசோதித்தபோது பலரின் விந்தில் விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. தினமும் வேலைத்தலத்தில் பெரிய அளவில் பட்டவர்கள் அவர்கள். நம் சமையலறையில் படும் சிறிய அளவு எவ்வளவு கெடுதி செய்யும் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனாலும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் பிபிஏக்கான பாதுகாப்பு அளவை முன்பிருந்ததைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைத்தது. செலவில்லாமல் தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்க இந்தக் காரணம் எனக்குப் போதும்.

கடையில் கட்டித் தரும் சோற்றுப் பார்சல், கொத்துரொட்டி எல்லாம் சாப்பிடக்கூடாதா?

சாப்பிடலாம். கட்டித் தரும் முறையைத்தான் மாற்றவேண்டும். தட்டிலிருந்து ஆவி பறக்க எடுத்துப் போட்ட கொத்துரொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பாருங்கள். லஞ்ச் சீற் (சோறு கட்டும் பொலித்தீன் தாள்) சுருங்கி, எண்ணெய் ஊறி, மூலைகளில் உணவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரித்து எடுக்கும்போது அதன் நிறப்பூச்சு விரலில் வருவதையும் கண்டிருக்கிறேன். சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும்தான் பிளாஸ்டிக்கிலிருந்து இரசாயனத்தை இழுத்தெடுப்பவை. நம் கறியில் மூன்றும் தாராளமாக உண்டு.

பொலித்தீனில் பிபிஏ இல்லை என்பது சரி. அதில் சேர்க்கும் நிறமும் பிற சேர்மானங்களும், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த மலிவுச் சரக்கும்தான் என் கவலை. லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் இலங்கையில் 2017 செப்ரெம்பரிலேயே தடை செய்யப்பட்டவை. சட்டம் வந்தது குப்பைப் பிரச்சினைக்காக. உங்கள் உடம்புக்காகவும் அதைக் கடைப்பிடியுங்கள்.

கடைக்குப் போகும்போது மூடியுள்ள சில்வர் பாத்திரம் ஒன்றைக் கொண்டுபோங்கள். முதல் நாள் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார், மூன்றாம் நாள் கேட்காமலே வாங்கிப் போடுவார். அல்லது வாழை இலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஊர்க்காரர் நாம், இலைக்கு எங்கே போவது என்று கேட்கலாமா? கொதிக்கக் கொதிக்கத் தேநீரையும் சாம்பாரையும் ஷொப்பிங் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு வாங்குவதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதானால் அதைச் செய்யுங்கள்.

“பிபிஏ இல்லை” என்று எழுதிய போத்தல் வாங்கினால் கவலை இல்லைத்தானே?

அப்படி நிம்மதியாக இருக்க முடியாது. பிபிஏயை எடுத்துவிட்டுப் பல நிறுவனங்கள் அதன் உறவுகளான பிபிஎஸ், பிபிஎஃப் ஆகியவற்றைச் சேர்க்கின்றன. அவையும் ஓமோனோடு அதே மாதிரி விளையாடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெயர் மாறிய பழைய ஆள்தான்.

போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 3, 6, 7 என்றால் உணவுக்கு வேண்டாம். 2, 4, 5 ஒப்பீட்டளவில் பரவாயில்லை, ஆனால் சூடானதை ஊற்றக்கூடாது. 1 என்பது கடையில் விற்கும் தண்ணீர்ப் போத்தல். ஒருமுறை குடித்துவிட்டு மறுபடி மறுபடி நிரப்புவதற்காகச் செய்யப்பட்டதன்று. பங்குனி, சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் தண்ணீர்ப் போத்தல்களைக் கண்டால் எனக்கு வாங்க மனம் வராது. ஒரு சில்வர் போத்தல் பல ஆண்டுகள் உழைக்கும்.

ரின்மீன் கறி வாரத்துக்கு மூன்று நாள் வைக்கிறோம். அதிலும் இருக்கிறதா?

பல ரின்களின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். பிபிஏ அதிலிருந்தே உணவுக்குள் வருகிறது. அமெரிக்காவில் 75 பேரை ஐந்து நாட்கள் தினமும் ரின்னில் அடைத்த சூப் குடிக்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2011இல் வெளியான அதன் முடிவின்படி, புதிதாகச் சமைத்த சூப் குடித்த நாட்களோடு ஒப்பிட்டால் சிறுநீரில் பிபிஏ பத்து மடங்குக்கு மேல் கூடியிருந்தது. மழைக்காலத்தில், மீன் வராத நாளில் ஒரு ரின் உடைப்பது வேறு, வாரத்துக்கு மூன்று நாள் என்பது வேறு. பாசையூரிலும் குருநகரிலும் மீன் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு ரின்னை வழக்கமாக்க வேண்டாம்.

சுறா வறை சாப்பிடலாமா? பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது நம் வழக்கமாயிற்றே.

இந்தக் கேள்விக்கு நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. சரக்குத்தூள் கறியும் சுறா வறையும் அம்மம்மாவின் கையால் வருகிற அன்பு. அதைத் தட்டிவிட யாருக்கும் மனம் வராது. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன். கடலில் உள்ள பாதரசம் சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். முக்கியமாக அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடலில் சேர்ந்த பாதரசத்தில் அரைவாசி வெளியேறவே ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். அதனால்தான் கருத்தரிக்க முயலும் பெண்களும் கர்ப்பிணிகளும் சுறாவைத் தவிர்க்கவேண்டும் என்று பிரித்தானியச் சுகாதாரச் சேவை சொல்கிறது.

என் ஆலோசனை இது. பிள்ளைக்கு முயலும் காலத்திலும் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் சுறா வேண்டாம். பிள்ளை பிறந்தபின் சிறிய பால்சுறாவில் வாரத்துக்கு ஒருமுறை வறை செய்து கொடுங்கள், பெரிய சுறாத் துண்டு வேண்டாம். மற்ற நாட்களில் சூடை, நெத்தலி, கீரி போன்ற சின்ன மீன்கள். அவற்றில் பாதரசம் மிகக் குறைவு, சத்தும் அதிகம், விலையும் மலிவு.

மண்சட்டி நல்லதா, நொன்ஸ்டிக் தாச்சி கெட்டதா?

பளபளப்புப் பூச்சு இல்லாத மண்சட்டி, இரும்புத் தாச்சி, சில்வர் பாத்திரம் மூன்றும் நல்லவை. நொன்ஸ்டிக் பூச்சு செய்ய முன்பு பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற இரசாயனம் 2019இல் உலக உடன்படிக்கை ஒன்றின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. வீட்டில் இருப்பதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெறும் தாச்சியைக் கடும் நெருப்பில் வைக்காதீர்கள். கீறல் விழுந்து பூச்சு உரிந்தால் அன்றோடு விட்டுவிடுங்கள்.

தோட்டத்து மரக்கறி என்றாலே மருந்து என்கிறார்களே. எதைத்தான் சாப்பிடுவது?

மரக்கறியைக் குறைத்தீர்களோ, நன்மையைவிடத் தீமையே அதிகம். கீரை, பழம், பருப்பு குறைந்த சாப்பாடு பிள்ளைப்பேற்றுக்கு நல்லதன்று. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கழுவினால் மேற்பரப்பில் உள்ள மருந்தில் கணிசமான பங்கு போகும். செடிக்குள் ஊறியது போகாது. தோல் சீவக்கூடியதைச் சீவுங்கள். முந்திரிகைப்பழத்தை (திராட்சை) சீவ முடியாது, ஆகவே அதைக் கூடுதல் கவனத்தோடு கழுவவேண்டும்.

கொல்லையில் முருங்கை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை, நாலு கத்தரிக்கன்று வைத்தால் அந்த அளவுக்குக் கவலை குறையும். தெரிந்த தோட்டக்காரர் இருந்தால் கடைசியாக எப்போது மருந்தடித்தார் என்று கேளுங்கள். மருந்தடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யவேண்டும் என்று போத்தலின் லேபிளிலேயே இருக்கும். அதை மதிக்கும் தோட்டக்காரரிடம் ஐந்து ரூபா கூடக் கொடுத்து வாங்குங்கள்.

என் வீட்டுக்காரர் வெங்காயத்துக்கு மருந்தடிக்கிறவர். அவருக்கு ஏதும் ஆகுமா?

மேலே சொன்ன டிபிசிபி கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் யாரைப் பற்றியாவது எனக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறதென்றால் இவர்களைப் பற்றித்தான். சாரத்தை மடித்துக் கட்டி, மேலில் ஒன்றும் இல்லாமல், முதுகில் ஒழுகும் தாங்கியோடு காற்றுக்கு எதிராக நடந்து அடிக்கும் மனிதரை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாலு மணிக்கு அடித்துவிட்டு அப்படியே வந்து பிள்ளையைத் தூக்குவார்.

நீளக்கை உடுப்பு, கையுறை, வாயையும் மூக்கையும் மூடும் கவசம், காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நடப்பது, இவை கட்டாயம். தோட்டத்துக் கிணற்றடியிலேயே சோப் போட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வரட்டும். அந்த உடுப்பை மற்ற உடுப்புகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், கர்ப்பிணி அதைத் துவைக்கவே கூடாது. வெறும் மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் வைப்பது, விதை வைப்பது எதுவும் வேண்டாம். அதோடு சுருட்டும் சிகரெட்டும் மதுவும். இவையும் விந்தணுவைக் கெடுப்பவைதான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

நம் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்தான் தண்ணீர் நிற்கிறது. மேலே போடும் யூரியாவும் மலக்குழிக் கழிவும் விரைவாகக் கீழே இறங்கிவிடும். அதனால் பல தோட்டப்பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்று கூடினால், தைரொயிட் சுரப்பி அயடினை எடுத்துக்கொள்வதில் தடங்கல் வரும். தைரொயிட் குழம்பினால் மாதவிடாயும் குழம்பும், கருத்தரிப்பதும் தள்ளிப்போகும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசி, தண்ணீரைப் பரிசோதிக்க வழி கேளுங்கள். கறிக்கு அயடின் உப்புப் போடுங்கள்.

கிறீம், பவுடர், சென்ற் எல்லாம் நிறுத்தவேண்டுமா?

குறையுங்கள். 2016இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில் 100 இளம்பெண்கள் மூன்று நாட்களுக்கு மட்டும் தலேற்று, பராபென் இல்லாத பொருட்களுக்கு மாறினார்கள். அந்த மூன்று நாளில் ஒரு வகைத் தலேற்றின் தடயம் சிறுநீரில் 27 வீதம் குறைந்தது, இரண்டு வகைப் பராபென்கள் 40 வீதத்துக்கு மேல் குறைந்தன. வாசனை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்குச் சந்தேகப்படுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெயும் சீயாக்காயும், உடம்புக்கு வாசனை குறைந்த சோப்பும் போதும்.

வெள்ளையாக்கும் கிறீம் வேறு விடயம். லேபிள் இல்லாமல், விலாசம் இல்லாமல் விற்கும் அந்தச் சின்ன டப்பாக்கள் பலவற்றில் பாதரசம் இருப்பது உலகம் முழுவதும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு விரல் அளவும் பூசாதீர்கள். உங்கள் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை, தங்கச்சி.

நான் கடையில் காசாளராக நிற்கிறேன். பற்றுச்சீட்டிலும் இருக்கிறதாமே?

மை இல்லாமல் சூட்டால் அச்சாகும் வழுவழுப்பான சீட்டுகள் பலவற்றில் பிபிஏ அல்லது பிபிஎஸ் தூளாகவே இருக்கும். கைக்குக் கிருமிநீக்கித் திரவம் பூசிய உடனே சீட்டைத் தொட்டால் தோலுக்குள் கூடுதலாக இறங்கும். ஆகவே அந்தத் திரவத்துக்குப் பதிலாகச் சோப் போட்டுக் கழுவுங்கள். சாப்பிடுமுன் கட்டாயம் கழுவுங்கள்.

அடுப்பு மூட்ட ஒரு ஷொப்பிங் பை போடுவது வழக்கம். அதில் என்ன?

விறகு ஈரமாக இருக்கும் மாரியில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிளாஸ்டிக் எரியும் புகை சமையலறையிலேயே தங்கும், சமைப்பவள்தான் முதலில் சுவாசிப்பாள். பின்னேரம் முற்றம் கூட்டி, சருகோடு பொலித்தீனையும் பிவிசி குழாய்த் துண்டையும் சேர்த்து எரிக்கும்போது டயொக்சின் உண்டாகிறது. அது கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் உடலைவிட்டுப் போகாது. பிபிஏ போல வந்து போகிற விருந்தாளியன்று. காய்ந்த பன்னாடையும் தென்னம்பாளையும் இருக்க, பை எதற்கு?

நுளம்புத்திரிப் புகையையும் பலர் கேட்கிறார்கள். டெங்குக் காலத்தில் நுளம்புக்கு உடம்பைக் கொடுக்காதீர்கள். வலை கட்டிப் படுங்கள், தண்ணீர் தேங்கும் சிரட்டைகளைக் கவிழ்த்துவிடுங்கள். திரி கொளுத்தினால் சன்னலைத் திறந்து வையுங்கள்.

இவ்வளவும் செய்தால் எத்தனை நாளில் பலன் தெரியும்?

பிபிஏயும் தலேற்றுகளும் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் சிறுநீரோடு போய்விடும். தினமும் புதிதாக உள்ளே போவதால்தான் உடலில் எப்போதும் இருக்கின்றன. வாசலை மூடினால் அளவு சில நாட்களிலேயே இறங்கும், மேலே சொன்ன மூன்று நாள் ஆய்வைப் பாருங்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். ஆகவே கணவனும் மனைவியும் பிள்ளைக்கு முயலத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பழக்கங்களை மாற்றினால் நல்லது. மாற்றினால் பிள்ளை உறுதி என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

எனக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி. பிளாஸ்டிக்கை விட்டால் மாறுமா?

அந்த நோயுள்ள பெண்களின் உடலில் பிபிஏ கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பிபிஏயால் நோய் வந்ததா, நோயால் பிபிஏ தங்கியதா என்பது தீரவில்லை. வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள். நடை, நிறைக்குறைப்பு, மருந்து இவற்றோடு சேர்த்து இதையும் செய்யுங்கள்.

நான் கண்டதையும் சாப்பிட்டதால்தான் பிள்ளை இல்லை என்று மாமி சொல்கிறார். உண்மையா?

மகள், இல்லை. இதை மாமியும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சிரமத்தைச் சந்திப்பதாக உலக சுகாதார அமைப்பு 2023இல் சொன்னது. ஒரு பெண்ணின் மதியச் சாப்பாட்டைக் காட்டி அவள்மேல் பழி போட எந்த விஞ்ஞானமும் இடம் கொடுக்கவில்லை. ஒரு தனி ஆளுக்கு இன்ன இரசாயனத்தால்தான் இது வந்தது என்று நிரூபிக்கும் பரிசோதனையும் கிடையாது.

ஓராண்டு முயன்றும் தங்கவில்லை என்றால், உங்களுக்கு 35 வயதுக்கு மேலென்றால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போங்கள். விந்துப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் இலகுவானது, அதை முதலிலேயே செய்யச் சொல்லுங்கள். மனைவியை மட்டும் நாலு ஆண்டு மருந்து குடிக்கவிட்டு, ஐந்தாம் ஆண்டு கணவனைப் பரிசோதித்துக் காரணம் கண்டுபிடித்த வீடுகளை நான் அறிவேன். அந்த நாலு ஆண்டை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

எல்லாம் ஒரேயடியாக மாற்றக் காசில்லை. எதில் தொடங்குவது?

சூடான உணவிலும் பானத்திலும் தொடங்குங்கள், அதற்குக் காசே வேண்டாம். வீட்டில் கல்யாணத்துக்கு வந்த சில்வர் பாத்திரங்கள் பெட்டியில் கிடக்கும். அவற்றை இறக்குங்கள். அடுத்தது புகை: சிகரெட், பிளாஸ்டிக் எரிப்பது. மூன்றாவதாக மருந்தடிக்கும் உடுப்பு. கிறீமும் தாச்சியும் பழுதாகும்போது மாற்றினால் போதும்.

மாற்றியபின் பழைய பிளாஸ்டிக் பெட்டிகளை என்ன செய்வது?

எரிக்காதீர்கள். ஆணி, ஊசி நூல், உடுப்புக் கிளிப், பூக்கன்று விதை இவற்றைப் போட்டு வையுங்கள். வெடித்தவற்றைப் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் கொடுங்கள். ஊறுகாயும் எண்ணெயும் மட்டும் கண்ணாடிப் போத்தலுக்குப் போகட்டும்.